இஞ்ஞாசி நிறுத்தாத சுரம்

ஆத்துமாக்கள் மாதமான நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்கள் கடைசி ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது, மேடையில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்த இஞ்ஞாசி நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். அவன் தலை தோளில் சாய்ந்தது, கை தளர்ந்தது, கிளாரினெட் மடியில் உருண்டு மேடைப் பலகையில் விழுந்து இரண்டாகக் கழன்றது. அவன் ஊதிக்கொண்டிருந்த சுரம் மட்டும் விழவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அது அவன் வாய் இருந்த உயரத்திலேயே, வெறும் நாற்காலிக்கு மேலே, கொடியில் காயப்போட்டு எடுக்க மறந்த துணி மாதிரி அப்படியே நின்றது.

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. அவனோடு போகாமல் நின்றுவிட்ட சட்டைக்காரர்கள் என்ஜின் ஓட்டினார்கள், ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன்களாக இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இன்ஸ்டிட்யூட்டில் கூடி, சீமையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பம்பாய் வழியாக வந்து சேருகிற புதுப் புது ரெக்கார்டுப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணி, பியானோவும் ட்ரம்பெட்டும் டிரம்முமாக வாசித்து, சோடி சோடியாகக் கைகோத்து ஆடினார்கள். பேண்டுக்குத் தலைவர் என்ஜின் டிரைவர் பெர்சி துரை. அவருடைய கிளாரினெட்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டதால், மாதா கோயில் பேண்டில் திருநாளுக்கும் சாவுக்கும் ஊதிக்கொண்டிருந்த பாய்லர் ஷாப் ஃபிட்டர் இஞ்ஞாசியை, தமிழன் என்றும் பார்க்காமல், அவர் மேடையில் ஏற்றி உட்காரவைத்தார்.

அங்கே கடைசிப் பாட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு முடிந்ததும் மற்ற வாத்தியமெல்லாம் நின்றுவிடும், கிளாரினெட் மட்டும் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், ஆடினவர்கள் ஒவ்வொரு சோடியாகக் கையை விட்டு விலகுவார்கள். கடைசிச் சோடி கையை விடுகிறவரை பெர்சி துரை வலது கையை மேலே தூக்கியே வைத்திருப்பார். அவர்கள் விட்டால் இவர் இறக்குவார், இவர் இறக்கினால்தான் கிளாரினெட் நிற்கலாம். புதுசாகப் பழகுகிற பிள்ளைகள் வேண்டுமென்றே கையை விடாமல் நின்று இஞ்ஞாசியை வேலை வாங்குவார்கள். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் ஊதத் தெரிந்தவன் அவன், சளைக்கமாட்டான். அன்றைக்கு அவன் சாய்ந்ததைப் பார்த்த பெர்சி துரை, தூக்கின கையோடு ஓடிப்போய் அந்தக் கையாலேயே அவனை அள்ளிக்கொண்டார். கையை இறக்கிப் பாட்டை முடித்துவைக்கவேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத்தான் ஞாபகம் வரும்?

இது நடக்கும்போது இஞ்ஞாசியின் பெண்சாதி சலேத்து, ஒன்றரை வயசுப் பெண் பிலோமியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்ஸ்டிட்யூட் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். எல்லா ஞாயிறும் அப்படித்தான் நிற்பாள். தமிழ்ப் பெண்டுகள் உள்ளே வரக்கூடாதென்று போர்டு ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. யாரும் போனதில்லை, அதனால் யாரும் போவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் மேடையில் உட்கார்ந்து ஊதுகிற கோலத்தை அவள் ஒருதரமாவது கண்ணால் பார்த்ததில்லை, காதால் கேட்டதோடு சரி. அன்றைக்கும் கடைசிச் சுரம் நீண்டுகொண்டே போவதைக் கேட்டு, 'இன்னிக்கு எந்தச் சோடியோ கையை விடமாட்டேங்குது' என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். நாலு பேர் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வாசல்வழியாக வெளியே வந்தபோதுகூட, அவன் ஊதுவதுதான் உள்ளே கேட்கிறதே, அதனால் தூக்கிவருவது வேறு யாரையோ என்றுதான் இருந்தாள்.

மறுநாள் மழையில் அடக்கம் செய்தார்கள். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் குரலெடுத்ததுமே குரல் அந்தச் சுரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு கோணலாக அழுதாலும் அழுகை பாட்டாகிவிட்டது, கேட்க நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததால் வெட்கப்பட்டு ஒவ்வொருத்தியாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சலேத்து அழவேயில்லை.

"அழுதுடு சலேத்து, நெஞ்சு அடைச்சிரும்" என்றாள் பக்கத்து வீட்டு செங்கமலம்.

"மூச்சு அங்க ஓடிக்கிட்டு இருக்கையில நா என்னான்னு அழுவுறது அக்கா?"

செங்கமலம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் எங்கோ ஸ்டீம் ஒழுகுகிறது என்று ஃபோர்மேன் ஒவ்வொரு வால்வாக முறுக்கிப் பார்த்தார். இன்ஸ்டிட்யூட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திப் பார்த்தார்கள், நாற்காலிமேல் சாக்குப் போட்டு மூடிப் பார்த்தார்கள், பியானோவை நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு வாரம் அப்படிப் பார்த்துவிட்டு, பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளி போவதாகத் தெரியாதபோது அவருக்கும் சேர்த்து உலை வைக்கிற மாதிரி, பொன்மலை அந்தச் சுரத்தையும் சேர்த்துக்கொண்டு நாளை ஓட்ட ஆரம்பித்தது. அரம் பிடித்தவனுக்கு அரம் அந்தச் சுரத்தில் ஓடியது, சம்மட்டி அடித்தவனுக்குச் சம்மட்டி அந்தச் சுரத்தில் இறங்கியது, வாரச்சந்தையில் கத்தரிக்காய் கூவினவளும் கருவாடு கூவினவளும் தங்களுக்குத் தெரியாமலே ஒரே சுருதியில் கூவினார்கள், கோயிலில் உபதேசியார் ஆர்மோனியத்தை அதற்கு ஏற்றிக்கொண்டார், காலை ஏழு மணிச் சங்குகூட ஊதி முடிக்கும்போது லேசாக வழுக்கி வந்து அதில் விழுந்தது. சட்டைக்காரத் தெருவில் கிராமபோன் வைத்திருந்தவர்கள், ரெக்கார்டு ஒரு சுருதியிலும் காற்று ஒரு சுருதியிலும் இருந்தால் தலைவலிக்கிறது என்று, பெட்டியின் வேகத் திருகைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டார்கள். அந்த மாதம் பம்பாயிலிருந்து வந்த புதுப் பாட்டுகளில் ஆண்பிள்ளைகள் பலர் பொம்பளைக் குரலில் பாடினார்கள், ஒரு நீக்ரோப் பாட்டுக்காரி கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி பாடினாள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ரேடியோவை அப்படித் திருக முடியாதாகையால் அதைத் துணிபோட்டு மூடிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. பெர்சி துரையின் பேண்டு எல்லாப் பாட்டையும் அந்த ஒரே சுரத்தின்மேல் அடுக்கி வாசித்தது, ஆடினவர்கள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டு ஆடினார்கள், வழக்கத்தைவிட மெதுவாக ஆடினார்கள்.

அம்மன் கோயில் மேளத்தில் நாயனத்துக்குச் சுருதியாக ஒரே சுரத்தை விடாமல் ஒத்து ஊதுகிற பக்கிரிக்குத்தான் கஷ்டம். நாயனக்காரர் ஒத்தை நிறுத்திவிட்டார், அதுதான் ஊர் முழுக்கச் சும்மா கேட்கிறதே. பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சலேத்து வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தாயி, கோச்சுக்காத. உம் புருசன் செத்தும் வேலை பாக்குறான். நா உசிரோட இருந்தும் வேலையில்லாம நிக்கிறேன். இது என்னா நியாயம், நீயே சொல்லு."

சலேத்துக்கு அந்நிய ஆண்களோடு பேசி வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "கஞ்சி இருக்கு, குடிக்கிறீங்களாண்ணே?" என்றாள்.

"குடு. எங் கஞ்சிக்கும் அவன்தான் ஊதணும் போல" என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனான்.

குவார்ட்டர்ஸ் விஷயமும் அப்படியே நின்றது. செத்தவன் குடும்பம் வீட்டைக் காலிசெய்யவேண்டும், அது ரயில்வே வழக்கம். சலேத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. திண்டுக்கல்லில் அக்காள் இருந்தாள், தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை, அதில் ஏற்கெனவே ஏழு பேர். ஆபீஸ் பெரிய கிளார்க் நரசிம்மாச்சாரி குடையோடு வந்து, வாசலில் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒடம்பு கல்லறையில இருக்கு, ஒப்புத்துக்கறேன். ஆனா மூச்சு இன்ஸ்டிட்யூட்ல இருக்கே. இன்ஸ்டிட்யூட்டும் ரயில்வே எல்லைக்குள்ளதானேம்மா இருக்கு? அப்ப ஆளு எல்லையை விட்டுப் போகலைன்னு ஆறது. மூச்சு நிக்காதவனைச் செத்தவன்னு நான் எப்படி எழுதறது? சத்தம் இருக்கிறவரைக்கும் நீ இரு. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அவர் இளகின மனசுக்காரர், ரூலும் இளகிக் கொடுத்தது. இஞ்ஞாசியின் சுரம் சலேத்துக்குக் கூரையாகவும் நின்றது.

அதற்குள் செங்கமலம் ஒன்று கண்டுபிடித்திருந்தாள். அவளுடைய கைப்பிள்ளை பிறந்ததிலிருந்து வயிற்றுவலியில் கத்திக்கொண்டே இருப்பான். ஒருநாள் அவனைத் தூக்கிக்கொண்டு இன்ஸ்டிட்யூட் ஜன்னலோரம் நின்றபோது, அவன் கண் சொருகித் தூங்கிப்போனான். மறுநாள் அவள் ஜன்னலோரம் நிற்கவில்லை, வாசல்வழியாகவே உள்ளே போய்விட்டாள். சேலையை எடுத்து டான்ஸ் ஹால் தூணில் தொட்டிலாக ஏணை கட்டினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி. வாரநாட்களில் இன்ஸ்டிட்யூட் தூண்களெல்லாம் ஏணையாக ஆடின. பொன்மலையில் பிள்ளைகள் அழுவது நின்றுபோனது. தாய்மார் கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள், பேன் பார்த்தார்கள்.

சலேத்தும் அப்படித்தான் முதல்முதலாக உள்ளே போனாள். மேடை அவள் நினைத்ததைவிடச் சின்னது. நாற்காலி சாதாரணப் பிரம்பு நாற்காலி, ஒரு பக்கம் பிரம்பு விட்டிருந்தது. மேடை ஏறி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, சுரம் நிற்கிற இடத்துக்குள் கையை விட்டாள். அங்கே சூடாக இருந்தது, சோற்றுப்பானை மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற சூடுபோல ஈரமான சூடு. பீடி வாசனையும், பீடி வாசனை தெரியாமல் இருக்க அவன் போட்டுக்கொள்கிற பெப்பர்மின்ட் வாசனையும் சேர்ந்து வந்தது. அதற்குப்பின் அவள் தினமும் வந்தாள். ஒரு கை பிள்ளையின்மேல், ஒரு கை அந்தச் சூட்டுக்குள். பிலோமி அதுவரை அம்மா, காக்கா, சோறு, மூன்றும்தான் சொல்வாள். ஒருநாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள், சத்தம் வருகிற திக்கைப் பார்த்து விரலை நீட்டி, "ப்பா" என்றாள். சலேத்து உள்ளே போய் அடுப்பை ஊதுகிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை.

அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் சலேத்து அவன் பக்கத்தில் படுத்துத் தூங்கினவள், மற்றவர்கள் கேட்காதது அவள் காதுக்குக் கேட்டது.

சுரத்துக்கு நடுவில் ஒரு சின்ன இழுப்பு, மூக்கால் மூச்சு வாங்குகிற இழுப்பு. முதலில் அது நிதானமாக இருந்தது, தண்ணீர் குடிக்கிறவன் செம்பை அண்ணாந்து நிறுத்தி நிறுத்திக் குடிக்கிற மாதிரி. போகப்போக அவசரமானது. சுரம் என்னமோ கொஞ்சமும் கோணவில்லை, முழுசாக, வழவழவென்று, கேட்கிறவர்களுக்குத் தேனாகத்தான் இருந்தது. அதைக் கோணாமல் வைத்திருக்க அவன் படுகிற பாடுதான் அந்த இழுப்பு. பாய்லர் ஷாப்பில் புகை குடித்துவிட்டு வந்து, பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருப்பானே, அந்த இழுப்பு.

செங்கமலத்திடம் சொன்னாள்.

"உனக்குப் பித்து பிடிச்சிருக்கு" என்றாள் செங்கமலம், ஏணையை ஆட்டிக்கொண்டே. "எனக்கு ஒண்ணும் கேக்கல. நல்லாத்தான் ஊதுறாரு மகராசன். இங்க பாரு, எம் புள்ள கன்னத்துல சதை போட்டிருக்கு. கண்ணு வைக்காத."

பங்குச் சாமியாரிடம் போனாள். "சாமி, முப்பதாம் நாள் பூசை வைக்கணும். எந்த நாள்லேருந்து கணக்கு?"

"செத்த நாள்லேருந்துதான், இதென்ன கேள்வி?"

"மூச்சு நின்ன நாள்தானே சாமி செத்த நாள்?"

சாமியார் பூசைப் புத்தகத்தை மூடிவைத்தார். ஆத்துமாக்கள் மாதம், எல்லா ஆத்துமாவுக்கும் செபம் சொல்கிறார், இந்த ஒரு ஆத்துமா எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. "நீ கேக்குறது ரோமாபுரிக்கு எழுதிக் கேக்கவேண்டிய கேள்வி சலேத்து" என்றார். பிறகு தயங்கி, "இந்தச் சத்தம் வந்ததுலேருந்து நம்ம பாட்டு கூட்டத்துல ஒருத்தரும் சுதி விலகுறதில்ல, கவனிச்சியா?" என்றும் சொன்னார்.

கடைசியில் அவள் போகவே கூடாதென்று நினைத்திருந்த இடத்துக்குப் போனாள். பெர்சி துரை வீட்டு முற்றத்தில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் மனைவி மேபல் அம்மாள் பீங்கான் தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர்களும் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள், மாதம் முடிந்ததும் கப்பல். சலேத்து கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"யாரு, இஞ்ஞாசி பொஞ்சாதியா? உள்ளே வா. மழையிலே நிக்காதே" என்றார் துரை. அவர் வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் இடது கையால்தான் பேண்டுக்குத் தாளம் காட்டினார் என்பது அப்போதுதான் சலேத்துக்கு உறைத்தது.

"இங்கனயே இருக்கேன் தொரை."

பிலோமியின் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். மேபல் அம்மாள்தான், "பெர்சி, அவ எதுக்கு வந்தா உனக்குத் தெரியும். நீயே சொல்லு" என்றாள்.

"தெரியும்" என்றார் துரை. "நா கை இறக்கலே. அதான் அவன் நிறுத்தலே. சிப்பாய் மாதிரி ஆளு அவன், என் கை பாக்காம நிறுத்தமாட்டான். மறுநாள் காலையிலேயே போய் நாற்காலி முன்னாலே நின்னேன். கை தூக்கினேன். வெளியே வந்துதான் எறக்கினேன், அவன் முன்னாலே முடியலே. எறக்கினா நானே அவன் கழுத்தைப் புடிச்ச மாதிரி. அப்புறம் ஊர்லே எல்லாரும் சந்தோஷமா இருக்கறாங்க. புள்ளைங்க தூங்குது. சரி, இருக்கட்டும்னு விட்டேன்."

"அவரு மூச்சுக்கு அலையறாரு தொரை" என்றாள் சலேத்து. அவ்வளவு சத்தமாக அவள் பேசி அவளே கேட்டதில்லை.

துரை பையிலிருந்து கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார். "நா போயிட்டா இதை எறக்க ஆளில்லே. வேற ஒருத்தன் கைக்கு அவன் நிறுத்தமாட்டான், எத்தனை வருஷம் ஆனாலும். நீ சொல்லு, எறக்கறேன். ஆனா உனக்கு வீடும் போயிடும். தெரியும்ல?"

தெரியும் என்று தலையசைத்தாள். சொல்லு என்றதற்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். நடக்க நடக்க, எந்தத் தெருவில் திரும்பினாலும் அவன் சுரம் முன்னாலேயே போய் நின்றது. பிலோமி தோளில் சாய்ந்தபடி அதைப் பார்த்து, "ப்பா, ப்பா" என்று கையாட்டினாள். இதை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது? இது நின்றால் அவனில் பாக்கி என்ன இருக்கிறது, ஒரு பிரம்பு நாற்காலி, கழன்றுபோன குழல், ஆணியில் தொங்குகிற காக்கிச் சட்டை. இந்தப் பிள்ளைக்கு அவன் முகம் மறந்துபோகும், சத்தமாவது இருக்கட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. அன்று மத்தியானம் மேடையில் அவன் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில், அவன் மூச்சோடு மூச்சு சேர்த்து விட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெஞ்சு எரிந்தது, கண் இருட்டியது, எழுந்து உட்கார்ந்து மேல்மூச்சு வாங்கினாள். அவன் எழுந்து உட்காரவில்லை. அவன் ஊதிக்கொண்டே இருந்தான்.

மாதத்தின் கடைசி ஞாயிறு பெர்சி துரைக்குப் பிரிவு ஆட்டம். அன்றைக்கு ஊரே இன்ஸ்டிட்யூட்டில் இருந்தது, சட்டைக்காரர்கள் ஒரு பக்கம், தமிழர்கள் ஒரு பக்கம், நடுவில் ஏணைகள். சலேத்து துரை வீட்டுக்குப் போய்வந்தது அதற்குள் பரவிவிட்டது.

"கிறிஸ்மஸ் வரைக்கும் விடேன் தங்கச்சி" என்றார் உபதேசியார்.

"பனி மாசம் போவட்டும். பச்சப் புள்ளைங்க ராவெல்லாம் கத்தினா எவ பாக்குறது?" என்றாள் ஒருத்தி.

"நரசிம்மாச்சாரி ஐயா உனக்காகத்தான இத்தனையும் பண்ணாரு? குந்த எடம் வேணாமா உனக்கு?" என்றாள் இன்னொருத்தி.

செங்கமலம் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து அவள் எதிரே நின்றாள். "உனக்கு எம்மேல என்னாடி கோவம்? எம் புள்ள ஒரு மாசமாத்தான் தூங்குறான். ஒரு மாசம். அது பொறுக்கலையா உனக்கு?"

சலேத்துக்கு அழகாகப் பேசத் தெரியாது. படித்ததும் மூன்றாம் வகுப்பு. மேடைமேல் ஏறி நாற்காலி ஓரமாக நின்றுகொண்டு, காலைப் பார்த்தபடியே, "எல்லாரும் ஒருதரம் மூச்சை அடக்குங்க" என்றாள்.

"என்னாது?"

"மூச்சை உள்ள இழுத்து அடக்கிக்கங்க. விடாதீங்க. எவ்ளோ நேரம் முடியுமோ அவ்ளோ நேரம். எனக்காவ."

விளையாட்டுப்போல இருந்ததால் முதலில் பிள்ளைகள் அடக்கினார்கள். பிறகு பெரியவர்கள். பாய்லர் ஷாப் ஆட்களும் ஃபவுண்டரி ஆட்களும், கவுன் போட்ட அம்மாக்களும் கண்டாங்கி கட்டினவர்களும், சாமியாரும், கிளார்க்கும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு போனது. ஒவ்வொருவராக 'ஹா' என்று விட்டார்கள், விட்டவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். செங்கமலம் சிவந்துபோய்த் தூணைப் பிடித்தாள், விட்டாள். கடைசியில் ஒத்துக்காரப் பக்கிரி மட்டும் நின்றான், தொழில் நெஞ்சு, கண் பிதுங்க நின்றான், அவனும் விட்டான். கூடம் முழுக்க ஆட்கள் வாய் பிளந்து காற்று வாங்கினார்கள். அந்தக் காற்று வாங்கலுக்கு மேலே சுரம் நின்றுகொண்டிருந்தது, அதற்குள் அந்த இழுப்பும் இருந்தது, மூக்கு நுனியால் துளித் துளியாகத் திருடுகிற மாதிரி. இப்போது அது எல்லாருக்கும் கேட்டது.

"எங் கண்ணே" என்றான் பக்கிரி நாற்காலியைப் பார்த்து. "ஒரு மாசமாவா இப்பிடி இழுத்துக்கிட்டிருக்க?"

செங்கமலம் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொரை" என்றாள் சலேத்து.

பெர்சி துரை மேடை ஏறினார். பையிலிருந்து வலது கையை எடுத்தார். வெளுத்து, சுருங்கி, வெகுநாள் தண்ணீரில் இருந்த கை மாதிரி இருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறக்கவில்லை.

"எறக்குங்க தொரை. எனக்குச் சம்மதம்தான்."

அவர் தலையாட்டினார், கண்ணில் நீர் நின்றது, கை அசையவில்லை. கீழே நின்ற மேபல் அம்மாள்தான் மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் ஒரு சோடி கை விடலேம்மா."

சலேத்து குனிந்து பார்த்தாள். அவள் கை நாற்காலிக்கு மேலே அந்தச் சூட்டுக்குள்தான் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவனோடு அவள் ஒருநாளும் ஆடினதில்லை, நாலு பேர் பார்க்க அவன் கையைப் பிடித்ததுமில்லை. இப்போது ஊர் முழுக்கப் பார்க்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, தூங்கின பிள்ளையின் பிடியிலிருந்து தாய் விரலை உருவுகிற மாதிரி, எழுப்பிவிடாமல், ஒவ்வொரு விரலாக, கையை வெளியே எடுத்தாள்.

துரை கையை இறக்கினார்.

நீண்ட ஒரு பெருமூச்சு நாற்காலியிலிருந்து இறங்கி மேடையைக் கடந்து, முன்வரிசையில் நின்றவர்களின் முகத்தில் பட்டுப் போனது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு மாதமாக மறந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஓட்டின்மேல் மழை, சுவர்க் கடிகாரம், ஷெட்டில் ஷண்டிங் என்ஜின். தூணிலே ஓர் ஏணை ஆடி நின்றது. உள்ளேயிருந்து செங்கமலத்தின் பிள்ளை வீரிட்டான். அவனைத் தொடர்ந்து அடுத்த ஏணை, அதற்கடுத்தது, கூடத்துப் பிள்ளைகளெல்லாம் ஒன்றாக அழுதன, தாய்மார்கள் கையில் வாரிக்கொண்டு ஆளுக்கொரு திக்காக மழையில் ஓடினார்கள். பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்தார்கள். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நரசிம்மாச்சாரி குடையோடு வந்து, வாசலில் நின்று, பழக்கத்தில் காதைச் சாய்த்தார். பிறகு காதை நிமிர்த்திக்கொண்டார். "உடனேன்னு இல்லம்மா. நான் எழுதறதைக் கொஞ்சம் தள்ளிப்போடறேன்."

"வேணாங்கய்யா, எழுதிருங்க" என்றாள் சலேத்து. சாமான் அதிகமில்லை, மூட்டை கட்டி முடித்திருந்தாள். செங்கமலம் தன் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவுமில்லை, ஜன்னலைச் சாத்தவுமில்லை. பக்கிரி ஒத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற வழியில் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஜங்ஷன்வரை வந்தான். வண்டியில் ஏற்றிவிட்டு, "பாத்துப் போ தாயி" என்று மட்டும் சொன்னான்.

திண்டுக்கல் பாசஞ்சர் நகர்ந்தது. பிலோமி இரவெல்லாம் தூங்கவில்லை. வண்டி ஆட்டத்திலும் தூங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலு பக்கமும் தேடிப் பார்த்து, எந்தப் பக்கம் விரலை நீட்டுவதென்று தெரியாமல், உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். சலேத்து மாரில் போட்டுக்கொண்டாள், தோளில் போட்டுக்கொண்டாள், எதற்கும் அடங்கவில்லை.

எதிரே கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஏன் தாயி, புள்ள ஏன் இந்தக் கத்து கத்துது? ஒடம்புக்குச் சொகமில்லையா?"

"இல்லிங்க" என்றாள் சலேத்து. பிறகு, அதுவரை அவள் வாய் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள். "அவங்க அப்பா செத்துட்டாரு."

"அடப் பாவமே. எப்ப?"

"நேத்து" என்றாள். "நேத்து சாயங்காலம்."

அந்த அம்மாள் கூடையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வேறொன்றும் கேட்காமல், சலேத்தின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வண்டி மணப்பாறை வருகிறவரைக்கும் பிள்ளையும் அழுதது, தாயும் அழுதாள். பெட்டியில் இருந்தவர்கள் யாரும் அழாதே என்று சொல்லவில்லை.